மத்தியானம் 2 மணிக்கு ஆள் அணைந்துபோகிறார்: தலைக்காயத்துக்குப் பிறகு வரும் களைப்பு

கேள்வி · 8 மார்ச் 2025

என் தம்பிக்கு வயது 34. ஐந்து மாதத்துக்கு முன் சைக்கிளில் இருந்து விழுந்து தலையில் அடி. ஸ்கேனில் இப்போது பயப்பட ஒன்றும் இல்லை என்கிறார்கள். காலையில் நன்றாகப் பேசுகிறான், சிரிக்கிறான். மத்தியானம் 2 மணி ஆனால் விளக்கை அணைத்த மாதிரி ஆகிவிடுகிறான். "படுத்துப் படுத்தே சோம்பல் ஏறிவிட்டது, கொஞ்சம் விரட்டி வேலை வாங்கினால் சரியாகும்" என்கிறார் அம்மா. எனக்கும் பாதி அப்படித்தான் படுகிறது. பழக்கினால் போகுமா?

9 மார்ச், காலை

விரட்டாதீர்கள். அதைத்தான் எனக்கு நானே செய்துகொண்டேன், ஒரு வருஷம் வீணாயிற்று.

2022 தீபாவளிக்கு ஒரு வாரம் முன்பு ஸ்டூல் மேல் ஏறி ஹால் மின்விசிறியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். "ஏணியை எடுத்துக்கோங்க" என்று மனைவி சொன்னது காதில் விழுந்தது. அடுத்து விழுந்தது நான். மூளைக்கு மேலே கொஞ்சம் ரத்தக் கசிவு. அறுவை சிகிச்சை தேவைப்படவில்லை. ஒன்பது நாள் வார்டு, அப்புறம் வீடு. கை கால் சரி, பேச்சு சரி. பார்க்க வந்தவர்கள் எல்லாரும் "கடவுள் புண்ணியம், ஒன்னும் ஆகலை" என்றார்கள். நானும் நம்பினேன்.

ஏழாவது வாரம் வேலைக்குத் திரும்பினேன். சரக்குக் கப்பல் நிறுவனத்தில் கணக்கு வேலை, 20 வருஷமாகச் செய்வது. 11 மணிக்கு ஒரு இன்வாய்ஸைக் கையில் எடுத்தேன். 11.40க்கும் அதே இன்வாய்ஸ்தான் கையில் இருந்தது. தூக்கம் வரவில்லை, உடம்பு வலிக்கவில்லை. எண்கள் கண்ணில் பட்டன, உள்ளே போகவில்லை. கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வீட்டுக்கு எப்படி வந்தேன் என்பது சரியாக ஞாபகமில்லை.

உங்கள் தம்பிக்கு வருவது சோம்பல் இல்லை. சோம்பேறிக்குப் பிடித்த வேலையைக் கொடுத்தால் எழுந்துவிடுவான். இது பிடித்த வேலையின் நடுவிலேயே ஆளை அணைக்கும்.

9 மார்ச், இரவு

அவசரத்தில் முக்கியமானதை விட்டுவிட்டேன். களைப்பு வேறு, மயக்கம் வேறு. தலைவலி நாளுக்கு நாள் கூடினால், வாந்தி வந்தால், ஒரு பக்கக் கை கால் தளர்ந்தால், குழறினால், எழுப்பினாலும் சரியாக எழாவிட்டால் இந்தக் கேள்வி-பதில் இழையில் கேட்டுக்கொண்டிருக்காதீர்கள், 995க்கு (சிங்கப்பூர் ஆம்புலன்ஸ் எண்) அழையுங்கள். அடிபட்டுப் பல வாரம் கழித்தும் ரத்தம் மெதுவாகச் சேரலாம். வயதானவர்களுக்கும், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் அந்த ஆபத்து அதிகம்.

11 மார்ச்

"ஏன் இப்படி ஆகிறது, ஸ்கேன்தான் சரியாக இருக்கிறதே" என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு என் ஓ.டி. (அன்றாட வேலைகளைத் திரும்பச் செய்யப் பழக்கும் சிகிச்சையாளர்) சொன்னதைச் சொல்கிறேன். (மறுவாழ்வு சிகிச்சையில் பிசியோ நடக்க வைப்பார், ஓ.டி. வாழ வைப்பார். இது என் விளக்கம், அவருடையது அல்ல.)

உடல் எடையில் மூளை நூற்றில் இரண்டு பங்குதான். ஆனால் சும்மா இருக்கும்போதே உடம்பு செலவழிக்கும் சக்தியில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு அதற்குப் போகிறது. அடிபடுவதற்கு முன் பல வேலைகள் தாமாக நடந்துகொண்டிருந்தன. பின்னால் ஓடும் டிவி சத்தத்தை ஒதுக்குவது, பேசிக்கொண்டே சாலையைக் கடப்பது, கேட்ட எண்ணை மனதில் வைத்துக்கொண்டே எழுதுவது. இப்போது அவை ஒவ்வொன்றையும் கவனம் வைத்துச் செய்ய வேண்டியிருக்கிறது. மற்றவர்கள் செய்யும் அதே வேலைக்கு நாம் கூடுதல் விலை கொடுக்கிறோம். மூளை இழைகளில் ஏற்படும் நுண்ணிய சேதம் சாதாரண ஸ்கேனில் தெரியாமலும் போகலாம். அதனால் "ஸ்கேன் சரி" என்றால் ஆள் சரி என்று அர்த்தமில்லை.

நான் வைத்துக்கொண்ட கணக்கு இது: முன்பு காலையில் என் ஈஸிலிங்க் அட்டையில் (பேருந்து, ரயிலில் தட்டும் கட்டண அட்டை) 20 வெள்ளி, அதாவது டாலர், இருக்கும். இப்போது 8 வெள்ளி. கட்டணமும் ஏறிவிட்டது.

12 மார்ச்

அட்டை உவமை பிடித்திருக்கிறது என்று நாலு பேர் எழுதியிருக்கிறீர்கள். யோசித்துப் பார்த்தால் அது தப்பு. ஈஸிலிங்க் அட்டை தட்டும்போது மிச்சத்தைக் காட்டும். இந்த மூளை காட்டாது. 2024 ஜனவரியில் சிம்பிளிகோ என்ற வேறு கட்டண முறைக்கு மாறச் சொன்னபோது "கதவில் மிச்சத்தொகை தெரியாதாமே" என்று ஊரே கத்தி, அரசாங்கம் திட்டத்தையே திருப்பி எடுத்துக்கொண்டது ஞாபகம் இருக்கிறதா? என் தலை அந்த சிம்பிளிகோ அட்டை. புகார் செய்யத்தான் இடமில்லை.

விஷயமும் அதுதான். மிச்சம் தெரியாததால் "களைப்பு வந்தால் படுக்கலாம்" என்று காத்திருக்கக் கூடாது. வந்த பிறகு படுத்தால் அன்றைய நாள் போச்சு. வருவதற்கு முன்பே, கடிகாரத்தைப் பார்த்துப் படுக்க வேண்டும். இதை நம்பவே எனக்கு எட்டு மாதம் பிடித்தது. நன்றாக இருக்கும்போது எதற்குப் படுப்பது என்று கௌரவம் பார்த்தேன்.

15 மார்ச்

செய்ய வேண்டியது என்ன என்று தனிச்செய்தியில் கேட்டவருக்கு இங்கேயே எழுதுகிறேன், மற்றவர்களுக்கும் உதவும்.

முதலில் வேறு காரணம் ஏதாவது ஒளிந்திருக்கிறதா என்று மருத்துவரிடம் கேளுங்கள். ரத்த சோகை, தைராய்டு, பி12 (சைவக்காரர்கள் கவனிக்க), தூக்கம், மனச்சோர்வு, வலி. தலையில் பலமாக அடிபட்டால் பிட்யூட்டரி சுரப்பியும் பாதிக்கப்படலாம், அதனால் கார்டிசால் போன்ற ஹார்மோன் சோதனையும் சில பேருக்குத் தேவைப்படும். மாத்திரைப் பையையும் கொண்டுபோங்கள். வலிப்பு வராமல் இருக்கக் கொடுக்கும் மாத்திரையே ஆளை மந்தமாக்கலாம், சளிக்குக் கடையில் வாங்கும் மாத்திரையும் அப்படித்தான். நீங்களாக நிறுத்தாதீர்கள், கேளுங்கள். வலிப்பு மாத்திரையைத் திடீரென்று நிறுத்துவது ஆபத்து.

என் விஷயத்தில் மாட்டியது குறட்டை. 15 வருஷமாக மனைவி புகார் செய்துகொண்டிருந்த அதே குறட்டை. தூக்க ஆய்வு செய்தார்கள், உறக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறதாம். முகமூடிக் கருவி கொடுத்தார்கள். போட்டுக்கொண்டால் யானை மாதிரி இருக்கிறது என்றாள் மகள். காலைத் தலைவலி போயிற்று. 2 மணிக் களைப்பு போகவில்லை. இரண்டும் வேறு வேறு கணக்கு என்று அப்போதுதான் தெரிந்தது.

அடுத்தது குறிப்பேடு. இரண்டு வாரம், மணிக்கு ஒரு வரி: என்ன செய்தேன், களைப்பு பத்துக்கு எத்தனை. மருத்துவமனையில் ஒன்பது வாக்கியம் உள்ள ஒரு தாளும் கொடுத்தார்கள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 7 வரை மதிப்பெண் போட வேண்டும். அது மருத்துவருக்கு. எனக்கு உதவியது என் பேரேடுதான், கணக்குப்பிள்ளை புத்தி.

பேரேட்டைப் பார்த்து எனக்கே ஆச்சரியம். பூங்கா இணைப்புப் பாதையில் 40 நிமிடம் நடந்தால் ஏறுவது 2 புள்ளி. தேக்கா சந்தையில் 25 நிமிடம் மீனும் கீரையும் வாங்கினால் 6. வாட்ஸ்அப் குடும்பக் குழுவில் அத்தை மகன் கல்யாண மண்டபம் பற்றிய விவாதம்: 5, உட்கார்ந்த இடத்திலேயே. உடம்பு வேலை மலிவு. சத்தம், கூட்டம், முடிவெடுப்பது, இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசுவது இவைதான் விலை கூடியவை.

தம்பியின் 2 மணிக்குப் பதில் 2 மணியில் இல்லை, 9க்கும் 12க்கும் நடுவில் இருக்கும். அங்கே தேடுங்கள்.

16 மார்ச்

"மன உறுதி இருந்தால் எல்லாம் முடியும்" என்று எழுதிய நண்பருக்கு: 2023 பிப்ரவரி 5, தைப்பூசம். கொரோனாவுக்குப் பிறகு பாதயாத்திரைக் காவடி திரும்பி வந்த வருஷம். சிராங்கூன் சாலையிலிருந்து டேங்க் ரோடு வரை மச்சானோடு நடந்தேன், காவடிகூட இல்லை, சும்மா கூட. மன உறுதி நிறைய இருந்தது. திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் திரை போட்ட அறையில் கிடந்தேன். மகள் தட்டு வைக்கும் சத்தத்துக்கு அவளைத் திட்டினேன். அவள் அழுதது இன்னும் காதில் இருக்கிறது.

நல்ல நாள்தான் ஆபத்தான நாள். "இன்னைக்கு நல்லா இருக்கு" என்று விட்டுப்போன வேலையை எல்லாம் இழுத்துப் போட்டுக்கொள்வோம், அடுத்த மூன்று நாளைக் கடன் கொடுத்தவன் வந்து எடுத்துக்கொண்டு போவான்.

16 மார்ச், பின்குறிப்பு

மேலே கோபமாக எழுதிவிட்டேன். மணி 4.30. இந்நேரத்தில் நான் பதில் எழுதக் கூடாது என்பது வீட்டு விதி.

23 மார்ச்

ஓய்வு என்றால் என்ன என்பதில் எல்லாரும் தடுக்கி விழுகிறோம். சோபாவில் சாய்ந்து கைப்பேசியைத் தள்ளிக்கொண்டிருப்பது ஓய்வு இல்லை. கண் மூட வேண்டும், சத்தம் குறைய வேண்டும், யாரும் கேள்வி கேட்கக் கூடாது. 15 நிமிடம் போதும். நான் 10.15, 12.30, 3 மணி என்று அலாரம் வைத்திருக்கிறேன். அலுவலகத்தில் இடம் இல்லை. ஏழாவது மாடிப் படிக்கட்டு. அங்கே ஏர்கான் கிடையாது, ஆள் நடமாட்டமும் கிடையாது. மடிக்கும் நாற்காலி ஒன்று வாங்கி வைத்தேன். துப்புரவு செய்யும் ஆன்ட்டி இரண்டு வாரம் ஒன்றும் கேட்கவில்லை, மூன்றாவது வாரம் ஒரு சின்ன விசிறி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்.

பகலில் தூங்கவே கூடாது, ராத்தூக்கம் கெடும்.

24 மார்ச்

திருத்தம். தாதியாக வேலை பார்க்கும் ஒருவர் சொன்னார், நான் கேட்டுக்கொள்கிறேன்: அடிபட்ட ஆரம்ப வாரங்களில் மூளை நிறையத் தூக்கம் கேட்கும், தடுக்கக் கூடாது. பிறகும் 20, 30 நிமிடம் போட்டால் தப்பில்லை, 3 மணிக்கு மேல் போகாமல் இருந்தால் சரி. இரண்டு மணி நேரம் தூங்கி எழுந்தால்தான் ராத்திரி கெடும். "தூங்கவே கூடாது" என்றது என் தனிப்பட்ட கசப்பு, ஒரு நாள் 5 மணி வரை தூங்கிவிட்டு அன்று விடிய விடிய விழித்திருந்தேன்.

2 ஏப்ரல்

கோப்பி பற்றிக் கேள்வி. நான் காலையில் ஒரு கோப்பி ஓ கோசோங், அதோடு சரி. காஃபின் பாதி இறங்கவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும், ஆளுக்கு ஆள் மாறும். 3 மணிக்கு விழுந்தவன் கோப்பி குடித்து எழுந்தால் அன்று ராத்திரி விழித்திருப்பான், மறுநாள் 11 மணிக்கே விழுவான். நான் அந்தச் சக்கரத்தில் ஆறு மாதம் சுற்றினேன். பீர் வேண்டாம். அடிபட்ட மூளைக்கு அது சீக்கிரம் ஏறும், தூக்கத்தையும் கெடுக்கும்.

வல்லாரை பற்றிக் கேட்டவருக்கு: தினமும் துவையல் சாப்பிடுகிறேன். துவையல் நன்றாக இருக்கிறது. மாத்திரையாக, பொடியாக வருவதை மருந்தாளரிடம் கேட்காமல் வாங்காதீர்கள், வேறு மருந்தோடு மோதலாம்.

(ஓ என்றால் பால் இல்லை, கோசோங் என்றால் சீனி இல்லை. ஊரிலிருந்து புதிதாக வந்த தம்பி ஒருவர் கேட்டிருந்தார். "சியூ தாய்" என்றால் இனிப்புக் குறைவு. இதற்கும் மூளைக்கும் சம்பந்தமில்லை.)

13 ஏப்ரல்

தமிழ்மொழி விழா நிகழ்ச்சி ஒன்றில் மகள் பேசினாள். போக வேண்டாம் என்று மனைவி, போவேன் என்று நான். ஓ.டி. சொல்லிக்கொடுத்தபடி திட்டம் போட்டோம்: காலை முழுக்க ஒன்றும் கிடையாது, பேருந்துக்குப் பதில் டாக்சி, கதவுக்குப் பக்கத்து இருக்கை, காதில் அடைப்பான், மகள் பேச்சு முடிந்ததும் எழுந்துவிடுவது. ஏழு நிமிடம் பேசினாள். அந்த ஏழு நிமிடத்துக்கு ஒரு நாளைக் கொடுத்தேன். எனக்கு லாபம்தான்.

எல்லாவற்றையும் விட்டுவிடச் சொல்கிறேன் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். படுத்தே கிடந்தால் உடம்பு தளர்ந்து களைப்பு இன்னும் கூடும். அந்த அளவில் உங்கள் அம்மா சொல்வதில் கால்வாசி உண்மை இருக்கிறது. நடையை நான் 10 நிமிடத்தில் ஆரம்பித்தேன். ஒரு வாரம் நல்லது கெட்டது பார்க்காமல் அதே 10. அப்புறம் 12. நல்ல நாளிலும் 12தான், மோசமான நாளிலும் முடிந்தவரை 12. ஏற்றும் அளவை நாள் முடிவு செய்யக் கூடாது, தாள் முடிவு செய்ய வேண்டும்.

19 ஏப்ரல்

வேலை. இதைப் பற்றி நீளமாக எழுத ஆசை, ஆனால் கசப்பு வரும். சுருக்குகிறேன்.

சட்டப்படி ஆறு மாதம் வேலை பார்த்தவருக்கு வருஷத்துக்கு 14 நாள் சாதாரண மருத்துவ விடுப்பு, மருத்துவமனை விடுப்பையும் சேர்த்தால் 60 நாள். மூளைக்கு 60 நாள் என்பது சூடு ஆறும் நேரம்கூட இல்லை. முழு நேரமாகத் திரும்பாதீர்கள். நான் இரண்டாவது முறை போனபோது வாரம் மூன்று அரை நாள், மாதம் ஒருமுறை கூட்டினோம். 2024 டிசம்பர் 1 முதல் நீக்குப்போக்கான வேலை ஏற்பாட்டைக் கேட்டு எழுதினால் முதலாளி இரண்டு மாதத்துக்குள் பதில் சொல்ல வேண்டும் என்று வழிகாட்டி நெறிமுறை இருக்கிறது. ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும் என்று இல்லை. அடி வேலையிடத்தில் பட்டிருந்தால் வேலைக்காய இழப்பீட்டுச் சட்டம் தனி, அதை உடனே விசாரியுங்கள்.

கேட்கும்போது "களைப்பாக இருக்கிறது" என்று எழுதாதீர்கள். எல்லாருக்கும்தான் களைப்பு என்பார்கள். எனக்கு அப்படித்தான் சொன்னார்கள். "காலை 9 முதல் 11 வரை சரிபார்ப்பு வேலை, தொலைபேசி இல்லாமல், கூட்டம் 30 நிமிடத்துக்கு மேல் வேண்டாம்" என்று எழுதினேன், அது நடந்தது.

ரயில்: வார நாளில் 7.45க்கு முன் நுழைந்தால் கட்டணம் 50 காசு வரை குறையும். எனக்குக் காசைவிடக் கூட்டம் குறைவதுதான் முக்கியம். வெளியில் தெரியாத நோய் உள்ளவர்களுக்கு இருக்கை கேட்கும் அட்டை ஒன்று எம்ஆர்டி நிலையச் சேவை முகப்பில் கிடைக்கிறது. வாங்கி ஆறு மாதம் பையிலேயே வைத்திருந்தேன், வெட்கம். ஒரு நாள் மாட்டினேன். எழுந்து இடம் கொடுத்தவர் என்னைவிட வயதானவர். இன்னும் வெட்கம். உட்கார்ந்துவிட்டேன்.

3 மே

ஓட்டுப் போட்டாயிற்று. வரிசையில் 20 நிமிடம், வீட்டுக்கு வந்து 40 நிமிடம் படுத்தேன். யாருக்குப் போட்டேன் என்று குடும்பக் குழுவில் நடக்கும் விவாதத்தில் கலந்துகொள்ளவில்லை. மருத்துவக் காரணம்.

1 ஜூன்

முதலில் கேள்வி கேட்டவர் எழுதியிருக்கிறார். குறிப்பேடு போட்டார்களாம். தம்பி காலை 9 முதல் 12 வரை கணினியில் வேலை தேடி விண்ணப்பம் நிரப்புகிறார், பக்கத்தில் அம்மா வானொலி வைத்துக்கொண்டு சமைக்கிறார், இடையிடையே "இது சரியா, அது எங்கே" என்று கேட்கிறார். 2 மணிக்கு அணையாமல் என்ன செய்வார். வானொலியை இடம் மாற்றி, 10 மணிக்கும் 11 மணிக்கும் படுக்க வைத்த பிறகு 4 மணி வரை தாங்குகிறாராம். அம்மா இன்னும் "பகலில் படுக்கிறானே" என்றுதான் சொல்கிறார், ஆனால் 11 மணிக்கு அவரே கதவைச் சாத்திவிட்டுப் போகிறாராம்.

"எப்போது முழுதாகப் போகும்?" என்று கேட்டிருக்கிறார். மார்ச் மாதம் வேறு ஒருவருக்குத் தனியாக "ஒரு வருஷத்தில் போய்விடும்" என்று எழுதியிருந்தேன், ஆறுதலுக்காக. அதைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். முதல் மாதங்களில் நன்றாகத் தேறும், பிறகு மெதுவாக. பல பேருக்கு வருஷக்கணக்கில் கூடவே இருக்கும். எனக்கு இரண்டரை வருஷம் ஆகிறது, போகவில்லை. 8 வெள்ளி 11 ஆகியிருக்கிறது. செலவு செய்யத் தெரிந்ததால் 15 மாதிரி தெரிகிறது.

2 ஜூன்

இல்லை, 11 என்பது கொஞ்சம் அதிகம். மனைவி பார்த்துவிட்டு 10 என்கிறாள்.

19 அக்டோபர்

நாளைக்குத் தீபாவளி. இழையை யாரோ மேலே இழுத்துவிட்டிருக்கிறார்கள், மின்விசிறி என்ன ஆயிற்று என்று கேட்டு.

மூன்று வருஷமாக அதை யாரும் தொடவில்லை. போன வாரம் மகள் ஏணியில் ஏறித் துடைத்தாள். நான் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மூன்றாவது இறக்கைக்கு வந்தபோது என் அலாரம் அடித்தது. "போய்ப் படுங்கப்பா" என்றாள். மனைவி வந்து ஏணியைப் பிடித்துக்கொண்டாள்.